வேலைக்குப் போய்க்கொண்டே மறுபடியும் டிகிரி: ‘செல்லுமா?’ என்ற கேள்வியும் கேட்காமல் விடும் கேள்வியும்

முப்பத்தைந்து, நாற்பது வயதில் மறுபடி படிக்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “ஆன்லைன்ல படிச்சா செல்லுமா?” என்ன பாடம், யார் நடத்துவார்கள், எவ்வளவு செலவு என்பதெல்லாம் அப்புறம். துணிக்கடையில் பில் போடுகிறவரும் இதைத்தான் கேட்கிறார். டிப்ளமோவோடு பதினைந்து வருடம் வேலை பார்த்து, சூப்பர்வைசர் பதவிக்கு மேல் போக முடியாமல் நிற்கிறவரும் இதைத்தான் கேட்கிறார்.

தமிழ்நாட்டில் இந்த ஏக்கம் அதிகமாக இருக்கக் காரணம் உண்டு. மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22ல் இங்கே 18 முதல் 23 வயதினருக்கான உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம்; நாட்டின் சராசரி 28.4 சதவீதம்தான். பக்கத்து சீட்டில் புதிதாக வந்து உட்காரும் பையனும் பெண்ணும் பட்டதாரிகளாகவே இருக்கிறார்கள். வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ‘பிளஸ் டூ’ என்று விண்ணப்பத்தில் எழுதும்போது, கற்றுக்கொண்டவர் ‘பி.காம்.’ என்று எழுதுகிறார். அந்த ஒரு கட்டத்தை நிரப்பத்தான் பலரும் திரும்பி வருகிறார்கள்.

சரி, செல்லுமா? செல்லும். 2020 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பெற்ற இளநிலை, முதுநிலைப் பட்டம் நேரடியாகக் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. இதை மறுபடியும் பொது அறிவிப்பாகவே சொன்னது. ஆனால் ‘அங்கீகாரம் பெற்ற’ என்ற இரண்டு சொற்களுக்குள்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. அது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தியாவில் தபால் வழிப் பட்டப்படிப்பு 1962ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971லும், அண்ணாமலை 1979லும், சென்னை 1981லும் ஆரம்பித்தன. 1985ல் இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 2002ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது. பஸ் கண்டக்டர், போலீஸ்காரர், இடைநிலை ஆசிரியர், ரேஷன் கடை ஊழியர் என்று ஒரு பெரும் கூட்டத்தைப் பட்டதாரிகளாக்கியது இந்தத் தபால் கல்விதான். எங்கள் ஊரில் இதற்கு ‘கரஸ்’ என்று பெயர். “ரெகுலரா, கரஸா?” என்று கேட்பார்கள், கேட்கும் தொனியிலேயே பதில் தெரிந்துவிடும்.

நானும் கரஸில் எம்.ஏ. படித்தவன். பகலில் அச்சகத்தில் புரூஃப் திருத்தும் வேலை. பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சணல் கட்டி, பாடக்கட்டு வரும். முதல் கட்டு வந்த நாளில் தபால்காரருக்குக் காபி கொடுத்தது நினைவிருக்கிறது. கடைசிக் கட்டு, தேர்வு முடிந்து பதினொரு நாள் கழித்து வந்தது. அந்தப் பேப்பரை நான் காண்டாக்ட் கிளாஸில் கிடைத்த ஒரு நண்பரின் நோட்டை வைத்து எழுதினேன். ஒரு பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பத்து நாள் வகுப்பு. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் பழைய வினாத்தாள்கள் கைமாறும். பாடக்கட்டுகளைவிட அந்தப் பத்து நாள்தான் என்னைத் தேற வைத்தது என்று இன்றும் நம்புகிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

இந்த வளர்ச்சியில் விதிகள் பின்தங்கிவிட்டன. பிளஸ் டூ, பட்டம் எதுவும் இல்லாதவர்களையும் வயதை மட்டும் பார்த்து நேரடியாக எம்.ஏ.வில் சேர்க்கும் ‘திறந்தநிலை’த் திட்டங்கள் வந்தன. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், முதல் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசாணை 107ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்து வந்தவர்களின் பட்டமே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்பது அதன் சாரம். வேலை பார்த்துக்கொண்டே ராத்திரி கண்விழித்துப் படித்து, கட்டணம் கட்டி, பட்டமளிப்பு விழாவில் கவுன் போட்டுப் படமும் எடுத்துக்கொண்டவர்கள், ஒரே நாளில் கையில் வெறும் தாளோடு நின்றார்கள். ‘செல்லுமா?’ என்ற கேள்வி அந்தக் காயத்திலிருந்து வருகிறது. அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் பிளஸ் டூ முடிக்காதவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அவசரப்பட்டு எந்தப் பட்டத்திலும் சேராதீர்கள். முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதி முடியுங்கள். ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போகும். ஆனால் வரிசை சரியாக இருக்கும்.

அங்கீகாரத்துக்கு வருவோம். முன்பு இக்னோவுக்குள்ளேயே இருந்த தொலைநிலைக் கல்விக் குழு இதைக் கவனித்தது. 2013ல் அது கலைக்கப்பட்டு, பொறுப்பு யு.ஜி.சி.க்குப் போனது. அங்கே ‘டெப்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தொலைநிலைக் கல்விப் பிரிவு இருக்கிறது. பலரும் தவறவிடுவது இதைத்தான்: பல்கலைக்கழகத்துக்கு ஒரு தடவை அங்கீகாரம் கொடுத்தால் அது எல்லாப் படிப்புக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. எந்தப் படிப்பு, எந்த முறை, எந்தப் பருவம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்தில் பி.பி.ஏ.வுக்கு ஆன்லைன் அனுமதி இருக்கும், எம்.எஸ்சி.க்கு இருக்காது. ஜனவரிப் பருவத்துக்கு இருந்தது ஜூலைக்கு இல்லாமல் போகலாம். பெரிய, பழைய, அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் மட்டும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அப்படி நம்பிச் சேர்ந்தவர்களும் நீதிமன்ற வாசலில் நின்றிருக்கிறார்கள்.

டெப் இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் பெயர், பருவம் மூன்றையும் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேரும் நாளிலேயே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்துப் பதவி உயர்வுக் கோப்பில் யாராவது கேள்வி எழுப்பினால், அந்த ஒரு தாள் உதவும். 2024 முதல் இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேருகிறவர், படித்த கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் ஏபிசி கணக்கு தொடங்கி, டெப் ஐடி எடுத்த பிறகுதான் சேர்க்கை நடக்கும். ஏஜென்ட் ஒருவர் “ஐடி எல்லாம் வேண்டாம் மேடம், நாங்க பாத்துக்கறோம்” என்றால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம். இந்தப் படிப்புகளை வெளி ஆட்களிடம் பிரான்சைஸ் விட்டு நடத்த யு.ஜி.சி. விதியில் இடமே இல்லை. ‘பத்து நாளில் எம்.பி.ஏ.’ என்று விளம்பரம் செய்தவர்களைப் பற்றி 2024ல் யு.ஜி.சி.யே எச்சரிக்கை கொடுக்க வேண்டி வந்தது.

அப்புறம், என்ன வேண்டுமானாலும் ஆன்லைனில் படித்துவிட முடியாது. பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மஸி, சட்டம், கட்டடக்கலை, வேளாண்மை, ஹோட்டல் மேனேஜ்மென்ட் எதுவும் இந்த வழியில் கிடையாது. பிஎச்.டி.யும் கிடையாது. 2025 ஜூலைப் பருவத்திலிருந்து உளவியலும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கவுன்சிலிங் படிக்க வேண்டும் என்று ஆசைப்படும் பெண்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். இது அவர்களுக்கு வருத்தமான செய்திதான். ‘வீட்டிலிருந்தே எல்.எல்.பி.’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவருக்கு பி.இ.தான் வேண்டுமென்றால், அதற்கு வேறு பாதை இருக்கிறது: கோயம்புத்தூர், சேலம் போன்ற ஊர்களின் கல்லூரிகளில் மாலை நேரத்தில் நடக்கும் பகுதிநேர பி.இ. களைப்பான பாதைதான், ஆனால் நேரான பாதை.

கல்லூரியைப் பாதியில் நிறுத்தியவர்களுக்கும் ஒரு வார்த்தை. “ரெண்டு வருஷம் படிச்சிட்டேன், மூணாவது வருஷத்தை மட்டும் ஆன்லைன்ல முடிக்கலாமா?” என்று கேட்கிறார்கள். படித்த கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் ஏபிசி முறை 2021ல்தான் வந்தது. 2021-22 கல்வியாண்டிலிருந்து பெற்ற கிரெடிட்டுகள்தான் அதில் கணக்கு. அவையும் அதிகபட்சம் ஏழு வருடம்தான் நிற்கும். 2006ல் நிறுத்திய பி.காம்.முக்கு அநேகமாக முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பழைய கல்லூரியில் டி.சி.யை வாங்க அலைவதற்கே ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

இதுவரை சொன்னது எல்லாரும் கேட்கும் கேள்விக்கான பதில். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: எனக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? என் அனுபவத்தில் சேர்ந்தவர்களைப் பாதியில் நிறுத்த வைத்தது அங்கீகாரப் பிரச்சினை அல்ல. நேரம்தான். அதுவும் இரண்டாவது செமஸ்டரில்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு: பாடம் வாசிப்பது, வீடியோ பார்ப்பது, அசைன்மெண்ட் எழுதுவது எல்லாம் சேர்த்து. அங்கே விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் சிபிசிஎஸ் முறையில் நடந்த பி.ஏ.வுக்கு 132 கிரெடிட் இருந்தது. அதாவது 3,960 மணி நேரம். மூன்று வருடத்தில் முடிக்க நினைத்தால், ஒரு வாரம்கூட விடாமல், வாரத்துக்கு 25 மணி நேரம். எட்டு மணி நேர வேலை, போக வர இரண்டு மணி நேரம், சமையல், பிள்ளைகளின் ஹோம்வொர்க், வீட்டில் வயதானவர்கள் என்று இருக்கிற ஒருவருக்கு அந்த 25 மணி எங்கிருந்து வரும்? அதே படிப்பை ஆறு வருடம் வரை இழுக்க இக்னோ அனுமதித்தது. ஆறு வருடத்தில் என்றால் வாரத்துக்கு 13 மணிக்கும் குறைவு: வேலை நாள்களில் தினமும் ஒன்றேகால் மணி, மீதி ஆறரை மணி சனி, ஞாயிறில். இது முடியும். கஷ்டப்பட்டு, ஆனால் முடியும்.

சென்னை ஐ.ஐ.டி. 2020ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பையும் எடுத்துக்கொள்ளலாம். வயது வரம்பு இல்லை. ஜே.ஈ.ஈ. வேண்டாம். நான்கு வாரம் பாடம் நடத்தி, அதில் தேர்வு வைத்து, தேறுகிறவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நுழைவை இப்படி வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். பதினேழு வயதில் தவறவிட்ட கதவை நாற்பது வயதில் தட்டிப் பார்க்க முடிகிறது. ஆனால் ஒரு பாடத்துக்கு வாரம் 10 மணி நேரம் ஒதுக்குங்கள் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். பருவத்துக்கு 12 வாரம், வருடத்துக்கு மூன்று பருவம், வாரா வாரம் அசைன்மெண்ட், தேர்வுக்கு நேரில் மையத்துக்குப் போக வேண்டும். மூன்று பாடம் எடுத்தால் வாரம் 30 மணி. வேலையில் இருப்பவர் பருவத்துக்கு ஒரு பாடம் எடுத்துப் பழகுவது நல்லது. அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று நடுவில் இறங்கிக்கொள்ளும் படிகளும் இருக்கின்றன. குடும்பத்தில் திடீரென்று ஒரு பிரச்சினை வந்தால், படித்த வரைக்கும் கையில் ஏதாவது இருக்கும். வேலையில் இருப்பவர்களுக்கான எல்லாப் படிப்பும் இப்படி இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மணி நேரம் மட்டுமல்ல, எந்த மாதம் என்பதும் முக்கியம். இக்னோவில் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவருக்கு அக்டோபரும் நவம்பரும் தீபாவளி. இரவு பதினொரு மணிக்கு ஷட்டர் இறக்கி வீட்டுக்கு வந்தால் புத்தகத்தைத் திறக்க முடியாது. டிசம்பர் தேர்வுக்குத் தயாராகும் மாதமே அவருக்கு இல்லை. பள்ளி ஆசிரியருக்கு டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு மார்ச் முழுக்கப் போய்விடும். அதனால் சேரும் முன் ஒரு காலண்டரை எடுத்து, உங்கள் வேலையில் மூச்சுவிட முடியாத மாதங்களைச் சிவப்பில் குறித்துவிட்டு, தேர்வு மாதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்வை நம் வசதிக்குத் தள்ளிவைக்க விடும் பல்கலைக்கழகமாக இருந்தால், ஜவுளிக்கடைக்காரர் டிசம்பரில் ஒரே ஒரு பேப்பரும் ஜூனில் மீதியும் எழுதலாம். எல்லாரோடும் ஒரே வேகத்தில் ஓட வைக்கும் படிப்பில் அந்த வசதி இருக்காது.

தொலைநிலை, ஆன்லைன் இரண்டும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தொலைநிலையில் அச்சடித்த பாடம், படிப்பு மையம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, மையத்தில் உட்கார்ந்து எழுதும் தேர்வு. ஆன்லைனில் வீடியோ, வாசிக்கும் பாடம், விவாதப் பகுதி, சுயமதிப்பீட்டுப் பயிற்சி ஆகிய நான்கும் இணையத்திலேயே இருக்க வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே படிப்பு மையம் வைக்க முடியாது. ஆன்லைனுக்கு அந்த எல்லை இல்லை. எந்த முறையில் படித்தீர்கள் என்பது சான்றிதழின் பின்பக்கத்தில் அச்சாகும். அதை மறைக்க நினைக்க வேண்டாம், மறைக்கவும் முடியாது.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறார். வயது 38. தனியார் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். கல்யாணத்துக்காகப் பாதியில் நிறுத்திய பி.காம்.மை விட்டுவிட்டு, இரண்டு வருடம் முன்பு ஆன்லைன் பி.பி.ஏ. சேர்ந்தார். முதல் செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய நாள் என்னிடம் வந்தார்.

“அண்ணா, லேப்டாப்ப தூக்கிட்டு ரூம் முழுக்கச் சுத்திக் காட்டச் சொல்லுது. எங்க வீட்ல ஏது ரூம்?”

ஒரு ஹால், ஒரு சமையலறை உள்ள வீடு அது. கேமராவில் வேறொரு முகம் தெரிந்தால் எச்சரிக்கை வரும். சத்தம் வந்தாலும் வரும். மறுநாள் காலை அவர் கணவர் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மாமியார் மாடிப்படியில் உட்கார்ந்து, யார் வந்தாலும் வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினார். அன்றைக்குக் குக்கர் வைக்கவில்லை. சரியாக ஒன்றரை மணி நேரத்தில் கரண்ட் போனது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் மறுபடி உள்ளே போய் எழுதி முடித்துவிட்டு வந்தவர், என் மனைவி கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று விளம்பரம் சொல்கிறது. படிக்க ஏற்ற வீடு எத்தனை பேருக்கு இருக்கிறது? தனி அறை இல்லாதவர்களுக்கு, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுதான் நிம்மதி. சேரும் முன் தேர்வு எங்கே, எப்படி என்று கேட்பது கட்டணம் கேட்பதைவிட முக்கியம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது செமஸ்டரில் அவர் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். பாடமெல்லாம் ஆங்கிலம், அவர் பிளஸ் டூ வரை தமிழ் வழி. பஸ்ஸில் போகும்போது வீடியோ கேட்பார், புரிந்த மாதிரி இருக்கும், எழுத உட்கார்ந்தால் வராது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வழியிலேயே படிக்கும் படிப்புகள் இருப்பது அவருக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அவரைக் காப்பாற்றியது அதே படிப்பில் இருந்த ஏழு பேர் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழு. ஓசூரில் ஒரு ஃபேக்டரி ஊழியர், நாகர்கோவிலில் ஒரு நகைக்கடை மேனேஜர், இரண்டு பிள்ளைகளின் அம்மா ஒருவர். தினமும் இரவு ஒன்பதரைக்கு ஒருவர் ஒரு பாடத்தைத் தமிழில் ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜாகப் போடுவார். நான் ஆறாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான் இது. வேறு வடிவத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஏற்கெனவே அதில் படிக்கும் இரண்டு பேரிடமாவது பேசிவிட்டுச் சேருங்கள். பேச ஒருவரும் கிடைக்காத படிப்பு என்றால், யோசியுங்கள்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பு வருடத்துக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். தனியார் பல்கலைக்கழக ஆன்லைன் எம்.பி.ஏ. பல இடங்களில் லட்சத்தைத் தாண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாதத் தவணை என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தின் கடன். படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. கையெழுத்துப் போடும் முன் வீட்டில் யாரையாவது ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

அரசு ஊழியர்கள் துறையின் முன் அனுமதி வாங்கிவிட்டுத்தான் சேர வேண்டும். முடித்த பிறகு உண்மைத்தன்மைச் சான்றும் கேட்பார்கள். ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாகத் தொலைநிலையில் எம்.ஏ., எம்.எட். படித்ததற்கு ஊக்க ஊதிய உயர்வு ஒரு பெரிய காரணம். 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அந்த உயர்வை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் படிக்க வருகிற ஆசிரியர்களைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது.

அந்தப் பெண் இப்போது நான்காவது செமஸ்டரில் இருக்கிறார். இரண்டு அரியர் இருக்கிறது, இரண்டும் கணக்குப் பாடம். போன ஞாயிறு அவர் வீட்டுப் பக்கம் போனபோது வாசலில் சாக்பீஸால் ஒரு பேலன்ஸ் ஷீட் வரைந்திருந்தது. பத்தாவது படிக்கும் மகள் குச்சியால் தொட்டுக் கேள்வி கேட்க, அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தேய்மானத்த எந்தப் பக்கம்மா எழுதணும்?” என்றாள் மகள்.

ஈரப் புடவையைக் கொடியில் பாதி விரித்தபடி, “இரு, சொல்றேன்” என்றார் அம்மா.